நீதிமன்ற எழுத்தரும் உங்கள் வழக்குக் கட்டும்: வாசகர் கேள்வி – பதில்

நீதிமன்ற அலுவலகத்தின் நடைமுறைகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தமிழக மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் அலுவலகத்தை நடத்தும் சிரஸ்தாராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இங்கே பதிலளிக்கிறார்.

குரூப் 4 தேர்வில் தேர்ச்சி பெற்றுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறேன். ‘கோர்ட் வேலை மட்டும் வேண்டாம், தலை நிமிர நேரம் இருக்காது’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அங்கே இளநிலை உதவியாளருக்கு உண்மையில் என்ன வேலை?
– வாசகி, பட்டுக்கோட்டை

தலை நிமிர நேரம் இருக்காது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது நீங்கள் எந்த இருக்கையில் அமர்த்தப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீதித்துறை அமைச்சுப் பணி என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே வேலையாகத் தோன்றும். உள்ளே போனால், தாக்கல் பிரிவில் அமர்ந்து புதிதாக வரும் வழக்குரைகளில் நீதிமன்றக் கட்டணம் சரியாக இருக்கிறதா, சொத்து விவரம் எழுதப்பட்டிருக்கிறதா, காலவரம்புக்குள் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது ஒரு வேலை. நகல் பிரிவில் விண்ணப்பங்களைப் பதிந்து நகல் தயாரிப்பது வேறொரு வேலை. நாசர் அலுவலகத்தில் அழைப்பாணைகளையும், அவற்றைக் கொண்டுசெல்லும் செலவுக்கான பேட்டா கணக்கையும் பார்ப்பது, பதிவறையில் பைசலான, அதாவது முடிந்த வழக்குகளின் கட்டுகளைப் பேணுவது, நடுவர் மன்றத்தில் காவல் துறை ஒப்படைக்கும் பொருள்களுக்குக் கணக்கு வைப்பது என ஒவ்வொன்றும் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இருக்கை மாறும்போது மறுபடியும் புதிய மாணவராக அமர நேரும்.

உரிமையியல் நீதிமன்றத்துக்கும் குற்றவியல் நடுவர் மன்றத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னதில் வேலை மெதுவாக நகரும், ஆனால் தாள்கள் தடிமனாக இருக்கும். மே மாதக் கோடை விடுமுறையும் உண்டு. நடுவர் மன்றத்துக்கு அந்த விடுமுறை கிடையாது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் காவலர் ஒருவர் கைதியோடும் ரிமாண்ட் தாள்களோடும் படியேறி வருவார். குழந்தைகள் உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

பதவி உயர்வு பணிமூப்பின்படியும் துறைத் தேர்வுகளின்படியும் அமையும். தேர்வாணையம் ஆண்டுதோறும் மே, டிசம்பர் மாதங்களில் நடத்தும் துறைத் தேர்வுகளை, வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளிலேயே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டவர்கள் தம்மைவிட இளையவரின் கீழ் வேலை பார்க்கும் காட்சியை நான் நிறையவே கண்டிருக்கிறேன். மேலே உதவியாளர், நீதிபதி முன் வழக்குகளை அழைக்கும் பெஞ்ச் கிளார்க் பதவிகள் வரும். மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் நடுவர் மன்றத்திலும் தலைமை எழுத்தரும், சார்பு நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் சிரஸ்தாரும் அலுவலகத்தை நடத்துவார்கள். நகல் பரிசோதகர், நகல் வாசிப்பாளர், முதுநிலைக் கட்டளைப் பணியாளர் போன்ற சில பணியிடங்களுக்கு உயர் நீதிமன்றமே தனியாக ஆள் எடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால், சட்டத்தை நுணுக்கமாகப் படிக்கும் ஆர்வம் இருந்தால் வாருங்கள். மாலை ஐந்தே முக்காலுக்குக் கடிகாரம் பார்ப்பவராக இருந்தால் உறவினர்கள் பேச்சைக் கேளுங்கள்.

கோர்ட் கிளார்க்கும் வக்கீல் குமாஸ்தாவும் ஒருவரா?
– வாசகர், நாமக்கல்

இல்லை. நீதிமன்ற எழுத்தர் அரசு ஊழியர். முதன்மை மாவட்ட நீதிபதியின் நிர்வாகத்துக்கும், அவர் வழியாக அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவர். வழக்கறிஞரின் குமாஸ்தா அந்த வழக்கறிஞரிடம் சம்பளம் வாங்குபவர். அவருக்காக மனுக்களைத் தாக்கல் செய்வார், வாய்தா தேதிகளைக் குறித்துக்கொள்வார். உங்கள் கையில் இருந்து பணம் வாங்கும்போது ‘ஆபீசுக்குக் கொடுக்க வேண்டும்’ என்று அவர் சொன்னால், அது எந்தக் கட்டணம், அதற்கு முத்திரையோ ரசீதோ எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்ளாத குமாஸ்தாக்களே பெரும்பான்மையோர்.

நிலத் தகராறு வழக்கில் தோற்றுவிட்டேன். மேல்முறையீடு செய்ய 30 நாள் என்கிறார்கள். தீர்ப்பின் நகல் கிடைக்கவே அதைவிட அதிக நாளாகும் போலிருக்கிறது. நகல் பிரிவுக்குப் போனால் ‘போர்டைப் பாருங்கள்’ என்கிறார்கள். என் உரிமை போய்விடுமா?
– வாசகர், விருதுநகர்

போகாது, ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் போய்விடும். இந்தப் பத்திக்கு வரும் கடிதங்களில் அதிகம் இடம்பெறும் கவலை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ செய்யும் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வகுத்த அளவு. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தீர்ப்பு சொன்ன நாளையும், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தையும் இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. ‘தேவைப்பட்ட காலம்’ என்பதைக் கவனியுங்கள். நீதிமன்ற அலுவலகம் எடுத்துக்கொண்ட நாள்கள்தான் நீங்கும். உங்கள் அசட்டையால் கழிந்த நாள்கள் நீங்கா. சான்றிட்ட நகலில் நகல் பிரிவு எழுத்தர் குறிக்கும் ஐந்து தேதிகள், அதாவது விண்ணப்பித்த நாள், நகலுக்கான முத்திரைத் தாள் கேட்கப்பட்ட நாள், அது செலுத்தப்பட்ட நாள், நகல் ஆயத்தமான நாள், வழங்கப்பட்ட நாள் ஆகியவை இந்தக் கணக்குக்காகவே இடம்பெறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்து, நீங்கள் 10-ஆம் தேதி நகல் கேட்டு விண்ணப்பித்ததாகக் கொள்வோம். 20-ஆம் தேதி முத்திரைத் தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்படுகிறது. நீங்கள் 22-ஆம் தேதி செலுத்துகிறீர்கள். ஜூலை 5-ஆம் தேதி நகல் ஆயத்தமாகிறது. நீங்களோ ஊர்த் திருவிழாவை முடித்துக்கொண்டு ஜூலை 20-ஆம் தேதிதான் வாங்குகிறீர்கள். இதில் விண்ணப்பிக்கும் முன் போன ஆறு நாள், முத்திரைத் தாள் செலுத்தாமல் இடையில் விட்ட ஒரு நாள், ஆயத்தமான பின் வாங்காமல் விட்ட 15 நாள் எல்லாம் உங்கள் முப்பதிலிருந்து கழிந்துபோனவை. நகல் கைக்கு வரும்போது எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு வாரம். ‘நகல் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்’ என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது முற்றிலும் பிழை. ‘போர்டைப் பாருங்கள்’ என்று எழுத்தர் சொன்னது உங்களைத் தட்டிக்கழிக்க அல்ல. முத்திரைத் தாள் கேட்பதையும் நகல் ஆயத்தமானதையும் அந்தப் பலகையில் அறிவிப்பதுதான் விதி, உரிய நாளுக்குள் செலுத்தாவிட்டால் விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடும். அதை இரண்டு சொற்களில் விளக்கியிருக்கலாம் என்ற உங்கள் மனத்தாங்கலும் நியாயமானதே.

இன்னொரு நுணுக்கம் உண்டு. தீர்ப்பாணை (டிக்ரி) வரையப்பட்ட பிறகு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். தீர்ப்பு சொன்ன 15 நாள்களுக்குள் தீர்ப்பாணை வரையப்பட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொன்னாலும், நீங்கள் விண்ணப்பிக்கும் முன்னதாக அலுவலகம் தீர்ப்பாணை வரைய எடுத்துக்கொண்ட காலம் உங்களுக்கு நீக்கப்படாது என்று காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆகவே தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ தீர்ப்புரைக்கும் தீர்ப்பாணைக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். நாள் கடந்துவிட்டால் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரும் வழி இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும்.

குற்ற வழக்கில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் ஒன்று உடனே, கட்டணமின்றித் தரப்பட வேண்டும். அதற்காக யாரிடமும் கைநீட்டிக் கேட்க வேண்டியதில்லை.

அமீனா அழைப்பாணை கொண்டுவந்தார். நான் வயலில் இருந்தேன். என் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘செலவுக்கு’ என்று பணமும் கேட்டிருக்கிறார். இது செல்லுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

அழைப்பாணை கொண்டுவந்தவர் அமீனாவாக இருக்க மாட்டார். வழக்கத்தில் எல்லோரையும் அமீனா என்று அழைத்தாலும், அழைப்பாணை சார்பு செய்பவர், அதாவது உரியவரிடம் சேர்ப்பிப்பவர், கட்டளைப் பணியாளர். ஜப்தி, சொத்தின் சுவாதீனம் ஒப்படைத்தல் போன்ற நிறைவேற்றுக் கட்டளைகளுக்கு வருபவரே அமீனா.

மனைவியிடம் கொடுத்தது செல்லும். பிரதிவாதி வீட்டில் இல்லாமல், நியாயமான நேரத்துக்குள் வருவார் என்ற வாய்ப்பும் இல்லாவிட்டால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினர் எவரிடமும், ஆணானாலும் பெண்ணானாலும், சார்பு செய்யலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை சொல்கிறது. வேலையாளிடம் கொடுத்தால் செல்லாது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, எந்த நேரத்தில், எந்தச் சூழலில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்பதையெல்லாம் அவர் அறிக்கையாக எழுத வேண்டும். அந்த அறிக்கை தவறானது என்று பின்னால் நீங்கள் வாதாடினால், நீதிமன்றம் அவரைச் சத்தியம் செய்வித்து விசாரிக்கவும் முடியும். ஆகவே வாங்காமல் ஓடி ஒளிவதில் பயனில்லை. வாங்கிய நாளிலிருந்து உங்கள் பதிலாகிய எதிர்வழக்குரை தாக்கல் செய்ய உங்களுக்கு 30 நாள் இருக்கிறது, நீதிமன்றம் இடம் கொடுத்தால் அதிகபட்சம் 90 நாள் வரை நீளலாம்.

பணம் கேட்டது குற்றம். அவர் பயணத்துக்கான கட்டணத்தை வழக்குப் போட்டவர் ஏற்கெனவே பேட்டாவாக நீதிமன்றத்தில் கட்டியிருக்கிறார். பிரதிவாதியாகிய உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவும் அவருக்கு உரிமையில்லை. முதன்மை மாவட்ட நீதிபதிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். லஞ்ச ஒழிப்புத் துறையையும் அணுகலாம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். ‘பாவம், வெயிலில் வந்தார், டீ குடிக்கட்டும்’ என்று கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நேர்மையாக வேலை பார்க்கும் பணியாளரையும் அது தலைகுனிய வைக்கிறது.

வழக்கு வாய்தா அன்று வளாகத்தில்தான் இருந்தேன், என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. எதிர்த் தரப்பு இருந்ததால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பெஞ்ச் கிளார்க் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?
– வாசகி, ஆம்பூர்

பொறுத்திருக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. காலையில் நீதிபதி அமர்ந்ததும் அன்றைய பட்டியலில் உள்ள வழக்குகளை வரிசையாக அழைப்பது பெஞ்ச் கிளார்க்கின் வேலை. கட்சிக்காரர் வராவிட்டால் நீதிமன்ற ஏவலரான டபேதார் வெளியே போய் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதன் பிறகு என்ன உத்தரவு என்பதை முடிவு செய்பவர் நீதிபதி. ஆனால் பல நீதிபதிகள் முதல் சுற்றில் வராதவர்களை எல்லா வழக்குகளும் முடிந்த பின் மறுபடி ஒருமுறை அழைக்கச் சொல்வதுண்டு. அப்போது ‘அந்த அம்மாவைக் காலையில் பார்த்தேன் ஐயா’ என்று ஒரு நல்ல பெஞ்ச் கிளார்க் தாழ்ந்த குரலில் சொல்வார். இதை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த இருக்கை நீங்கள் நினைப்பதைவிடக் கடினமானது. ஒரு கையால் அடுத்த கட்டை எடுத்து நீட்டிக்கொண்டே, சாட்சிக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுத்து, வழக்கறிஞர் கொடுக்கும் ஆவணத்துக்கு வாதி தரப்புச் சான்றாவணமா, பிரதிவாதி தரப்பா என்று பார்த்து எண்ணிட்டு, அதே நேரத்தில் அடுத்த வாய்தாவையும் குறிக்க வேண்டும். சான்றாவண எண் ஒன்று மாறிவிட்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியத்தில் ஒன்றையும் கட்டில் வேறொன்றையும் பார்த்துக் குழம்புவார்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். எதிர்த் தரப்பு ஆஜராகி நீங்கள் ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை 9-ஆம் விதியின்படி 30 நாள்களுக்குள் மனுச் செய்யலாம். போதிய காரணத்தைப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். அதே காரணத்துக்காகப் புதிய வழக்குப் போட முடியாது என்பதால் இந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். அடுத்த முறை வளாகத்தில் நிற்காமல் நீதிமன்றக் கூடத்துக்குள்ளேயே அமருங்கள்.

எங்கள் தாத்தா போட்ட பாகப் பிரிவினை வழக்கின் அசல் பத்திரங்கள் இன்னும் நீதிமன்றத்தில்தான் இருக்கின்றன என்கிறார் அப்பா. இப்போது கேட்டால் கிடைக்குமா?
– வாசகர், செஞ்சி

வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். தெரியாவிட்டால், கட்சிக்காரர் பெயர் சொல்லிப் பதிவேடுகளைப் புரட்டச் செய்வது பதிவறை எழுத்தரின் பொறுமையைச் சோதிக்கும். பைசலான கட்டில் உள்ள எல்லாத் தாள்களுக்கும் ஆயுள் ஒன்றல்ல. 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி, தாள்கள் வகை பிரிக்கப்பட்டு வெவ்வேறு கால அளவில் அழிக்கப்படுகின்றன. இப்போது வழக்கு நடத்துகிறவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும்: வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கடந்ததும், சான்றாவணமாகக் குறியிடப்பட்ட அசல் பத்திரங்களைத் திரும்பக் கேட்டு மனுச் செய்யுங்கள். சான்றிட்ட நகலைக் கட்டில் வைத்து, தேவைப்பட்டால் அசலைத் தருவதாக உறுதி கூறினால், வழக்கு நடக்கும்போதே கூடத் திரும்பப் பெற விதி இடம் தருகிறது. வென்ற மகிழ்ச்சியில் பத்திரத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் பிறகு பதிவறை வாசலில் நிற்கிறார்கள்.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சர், சட்டமும் படித்துவிட்டேன். இந்த அனுபவத்தைக் காட்டி உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

அமைச்சுப் பணி அனுபவம் அதற்கு உதவாது. 2025 மே 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தொடக்க நிலை நீதிபதிப் பணிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலத்தைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார்கள். அது சட்டப் பட்டதாரிகள் நீதிபதிக்கு ஆய்வில் உதவும் வேறு பணி, உங்கள் பதவி அல்ல.

இப்போது எல்லாமே கணினியில் வந்துவிட்டதே, இனி எழுத்தர் எதற்கு?
– வாசகர், சேலம்

2007-இல் தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். அடையாளம் இருக்கிறது, அதைத் தட்டினால் அடுத்த வாய்தா என்று என்பது கைப்பேசியிலேயே தெரியும். அந்தத் தேதியை மாலையில் அமர்ந்து ஏற்றுகிறவர் எழுத்தர்தான். முன்பு அவர் பதிவேட்டில் தவறாக எழுதினால், அதைப் பார்க்க வந்த இரண்டு குமாஸ்தாக்கள் கண்டுபிடித்துச் சொல்வார்கள்; இன்று தவறாக ஏற்றினால் உடனே ஊரெங்கும் அது தெரிந்து, கட்சிக்காரர் வேறொரு நாளில் வந்து நிற்பார். கைப்பேசியில் உள்ள தேதி உதவிக்குத்தான்; நீதிமன்ற நாட்குறிப்பில் உள்ளதே தேதி. ஐயம் இருந்தால் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை குறைந்துவிட்டதா என்றால், காகிதத்திலும் கணினியிலும் இரண்டு முறை எழுதும் இந்த இடைக்காலத்தில் அது கூடித்தான் இருக்கிறது என்பேன்.

விபத்து வழக்கில் பறிமுதல் செய்த என் இருசக்கர வாகனம் காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்கிறது. நீதிமன்றத்தில் கேட்டால் ‘ஆர்.பி.ஆர். எண் கொண்டு வா’ என்கிறார்கள். அது என்ன?
– வாசகர், பரமக்குடி

பறிமுதல் செய்த பொருளைக் காவல் துறையினர் படிவம் 95-இல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது, எழுத்தர் அதைப் பெறப்பட்ட பொருள்களின் பதிவேட்டில் ஏற்றித் தரும் எண்தான் ஆர்.பி.ஆர். எண். அந்த எண் இல்லாமல் எழுத்தரால் உங்கள் வண்டியை எந்த வழக்கோடும் சேர்த்துப் பார்க்க முடியாது. வழக்கின் விசாரணை அதிகாரியிடம் படிவம் 95 அனுப்பப்பட்டுவிட்டதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான தாமதம் அங்கேதான்.

வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு இன்னும் திட்டவட்டமாக, பொருள் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, படமெடுத்து, அதன் பின் 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும் என்கிறது. பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு, ஆர்.பி.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு இடைக்கால ஒப்படைப்பு மனுவைத் தாக்கல் செய்யுங்கள். உத்தரவு கிடைத்து, பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பின், எழுத்தர் காவல் நிலையத்துக்கு அனுப்பும் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு போனால் அங்கே அலைய வேண்டியிருக்காது.